19 வயதில் அவர் சொன்ன உண்மை! ஹெச்.ஐ.வி ஒதுக்கலை உடைக்க இளைஞர்கள் என்ன செய்யலாம்?

கோவில்பட்டியில் மதுரை பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் சாத்தூர் வந்துவிடும். வழி நெடுக ரெண்டு பக்கமும் கரிசல் காடு. நடுநடுவே தீப்பெட்டி ஆபீஸ்கள். சாத்தூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான். ஆனால், 2018 டிசம்பர் கடைசியில் அந்த ஊர்ப் பெயர் இந்தியா முழுக்க வேறொரு காரணத்துக்காக அடிபட்டது.

நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் டிசம்பர் 3-ம் தேதி அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதில் ஹெச்.ஐ.வி இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் தொற்று வந்துவிட்டது.

இந்தச் செய்தி பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால், இது எப்படி வெளியே வந்தது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? அரசாங்கம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்தவரே வந்து சொன்னார்.

அவருக்கு வயது 19. ராமநாதபுரம் மாவட்டத்து இளைஞர். உறவினருக்காக ரத்தம் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போக மெடிக்கல் டெஸ்ட் எடுத்தபோதுதான் தனக்கு ஹெச்.ஐ.வி இருப்பது அவருக்குத் தெரியவந்தது. தெரிந்ததும் அவர் செய்த வேலை, ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னது. 'நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாது' என்ற எண்ணம். ஆனால், அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது.

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் அவரைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். அவர் சொன்னதால்தான் அந்தப் பெண்ணுக்கு உடனே சிகிச்சை தொடங்க முடிந்தது. 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. பிறகு நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்ற நல்ல செய்தியும் வந்தது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஆனால், இதையெல்லாம் பார்க்க அந்த இளைஞர் இல்லை. விஷயம் வெளியான சில நாள்களில், 2018 டிசம்பர் 30-ம் தேதி, அவர் இறந்துபோனார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவமனையில் சிகிச்சை பலனின்றி இறந்தார்.

ஒரு மரணத்துக்குப் பின்னால் ஒரே ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. ஆனாலும் நாம் எல்லோரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உண்மையைச் சொன்ன ஒரு 19 வயதுப் பையனுக்கு, சொன்ன பிறகு நிம்மதியாக வாழ இந்தச் சமூகத்தில் இடம் இருந்ததா?

ஹெச்.ஐ.வி ஒதுக்கல் பற்றிப் பேசுவது ஏதோ 'பாவம், பரிதாபம்' சமாச்சாரம் இல்லை. ஒதுக்கல் இருக்கும் வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை வெளியே வராத வரை நாம் யாருமே பாதுகாப்பாக இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஊர் சின்னது, ரகசியம் பெருசு!

சென்னை மாதிரி பெரிய ஊரில் பக்கத்து ஃபிளாட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. கரிசல்காட்டு ஊர்களில் அப்படியில்லை. மினி பஸ்ஸில் யார் எங்கே இறங்கினார், மெடிக்கலில் யார் என்ன மாத்திரை வாங்கினார், ஆஸ்பத்திரியில் எந்த வார்டு பக்கம் போனார்... எல்லாமே சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். நல்லது கெட்டதுக்கு ஊரே கூடி நிற்பதும் இந்த நெருக்கத்தால்தான். ஒருவருடைய வாழ்க்கையை ஊரே சேர்ந்து நசுக்குவதும் இதே நெருக்கத்தால்தான்.

அதனால் என்ன நடக்கிறது? உள்ளூரிலோ பக்கத்திலோ சிகிச்சை இருந்தாலும், தெரிந்த முகம் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தூரத்து ஊருக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். ஒரு மாதம் போக முடியாவிட்டால் மாத்திரை விட்டுப்போகும். மாத்திரை விட்டுப்போனால் உடம்பில் அடங்கியிருந்த வைரஸ் மறுபடி தலை தூக்கும். ஆக, ஊர் வாய் வெறும் வாய் இல்லை. அது நேராகப் போய் ஒருவருடைய ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் இளைஞர்கள் திருப்பூர், சென்னை, வளைகுடா என்று வேலை தேடிக் கிளம்புவது வழக்கம். வளைகுடா நாடுகளுக்குப் போகும் முன் எடுக்கும் மெடிக்கலில் ஹெச்.ஐ.வி டெஸ்ட்டும் உண்டு. பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்'. விசா கிடையாது. கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு, வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தி 'வேலை இல்லை' என்ற ஒரு சீட்டாக வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து, 'பயப்படாதீங்க தம்பி, மாத்திரை இருக்கு, நல்லா வாழலாம்' என்று சொல்லும் ஆள் அங்கே வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் எல்லா விபரீதமும் தொடங்குகிறது.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் ஹெச்.ஐ.வி-யின் வரலாறே தமிழ்நாட்டில்தான் தொடங்குகிறது. அதைத் தொடங்கி வைத்ததும் ஒரு மாணவிதான். 1985-86ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தார் நிர்மலா. அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், ஆய்வுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். 'நம்ம ஊர்ல அதெல்லாம் இருக்காது' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி-யில் பரிசோதிக்கப்பட்டன. 6 பேருக்குப் பாசிட்டிவ். 1986-ல் இந்தியாவில் முதன்முறையாக ஹெச்.ஐ.வி இப்படித்தான் கண்டறியப்பட்டது. இந்த நோய் நம்ம ஊருக்கு வராது என்கிற மிதப்பை ஒரு மாணவியின் ஆய்வு உடைத்தது. சுனிதி சாலமன் பின்னாளில் ஒய்.ஆர்.ஜி கேர் மையத்தைத் தொடங்கி, மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். அவர் மறைந்த பிறகு 2017-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வைரஸைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால், அதோடு வாழ்கிறவர்கள் யார்? அவர்களுக்கு முகம் இல்லை. போஸ்டர்களில் மண்டை ஓடும் எலும்பும்தான் இருந்தன. அந்த முகமூடியைக் கழற்றியவர்களில் ஒருவர் நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த கௌசல்யா. 1995-ல் கல்யாணம். கணவருக்குத் தொற்று இருந்தது அவருக்குச் சொல்லப்படவில்லை. கொஞ்ச நாளிலேயே அவருக்கும் பாசிட்டிவ் என்று தெரிந்தது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண். வீட்டுக்குள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடாமல், தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசத் தொடங்கினார். 1998-ல் 18 பெண்கள் சேர்ந்து பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். கணவர் இறந்ததும் மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள், சொத்து மறுக்கப்பட்ட பெண்கள், பிரசவம் பார்க்க மறுக்கப்பட்ட பெண்கள் எல்லோருக்கும் 'நாங்க இருக்கோம்' என்று சொன்ன அமைப்பு அது.

அவருக்கு ஓராண்டு முன்னால், 1997-ல், ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறவர்களுக்கான இந்திய அளவிலான கூட்டமைப்பு உருவானபோது அதில் முன்னணியில் நின்றவர் அசோக் பிள்ளை. கடற்படையில் இருந்தபோது தொற்று தெரியவந்த இளைஞர். அவரும் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் மருந்துகள் அன்று எட்டாக்கனி. 2002-ல் அவர் காலமானார். அவர் போன பிறகு, 2004 ஏப்ரல் 1-ம் தேதி, அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி கூட்டு மருந்து கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சென்னையை அடுத்த தாம்பரம் அரசு மருத்துவமனையும் முதலில் தொடங்கப்பட்ட மையங்களில் ஒன்று.

ரத்ததானம் செய்தவருக்கு 64 நாள் சிறை!

சாத்தூர் கதையைப் படிக்கும்போது கோவாவின் டொமினிக் டிசோசா ஞாபகத்துக்கு வராமல் இருக்க மாட்டார். அவரும் ரத்தம் கொடுத்தவர்தான். தவறாமல் ரத்ததானம் செய்துவந்த இளைஞர். 1989 பிப்ரவரியில் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. எதற்கு என்றே முதலில் சொல்லவில்லை. அவர் கொடுத்த ரத்தத்தில் ஹெச்.ஐ.வி இருந்ததாம். அன்றைய கோவா சட்டப்படி, தொற்று இருப்பவரைத் தனிமைப்படுத்தி வைக்கலாம். பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 64 நாள் காவலோடு அடைத்து வைத்தார்கள். அவருடைய அம்மா லூசி நீதிமன்றத்துக்குப் போனார். நண்பர்கள் தெருவில் இறங்கினார்கள். வெளியே வந்த டொமினிக், கோவாவில் 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்பை உருவாக்கினார். 1992-ல் இறந்தார். 2005-ல் வந்த 'மை பிரதர் நிகில்' இந்திப் படத்துக்கு இவருடைய வாழ்க்கைதான் தூண்டுதல்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ரையன் வைட்டுக்கு ரத்தம் உறையாத நோய். அதற்கான சிகிச்சை வழியாகத் தொற்று வந்து, 1984 டிசம்பரில் அது தெரியவந்தபோது வயது 13. பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்துப் பள்ளிக்குப் போனான். 18 வயதில் இறந்தான். அதே ஆண்டு, 1990-ல், அவன் பெயரிலேயே சிகிச்சை உதவிக்கான சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் நிகோசி ஜான்சன், 2000-ம் ஆண்டு டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் மேடையேறிப் பேசியபோது வயது 11. அடுத்த ஆண்டே அவனும் இல்லை.

இவர்களில் யாருமே 'நான் போராளியாகப் போகிறேன்' என்று கிளம்பியவர்கள் இல்லை. உண்மையைச் சொன்னார்கள். சொன்ன பிறகு யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றார். டொமினிக்குக்கு அம்மாவும் நண்பர்களும், கௌசல்யாவுக்கு இன்னும் 17 பெண்கள். அந்த 'பக்கத்தில் நிற்பது'தான் நம் கையில் இருக்கும் வேலை.

முதலில் பயத்தைத் தெளிவோம்

ஒதுக்கலுக்குப் பாதிக் காரணம் கெட்ட மனசு இல்லை. பயம். அந்தப் பயத்துக்கு 2 நிமிடத்தில் மருந்து கொடுக்கலாம்.

* ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே டம்ளரில் தண்ணி குடித்தால் பரவாது. கோவில்பட்டி கடலை மிட்டாயை ஆளுக்குப் பாதியாகக் கடித்துப் பங்கு போட்டாலும் பரவாது.
* கைகொடுத்தால், கட்டிப்பிடித்தால், ஒரே பாத்ரூம் போனால், ஒரே கண்மாயில் குளித்தால் பரவாது. இருமல், தும்மல், கொசுக்கடி எதனாலும் பரவாது.
* பரவும் வழிகள் நான்குதான்: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்துகொண்ட ஊசி, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்கு.
* தாய்க்கு சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம். முறையாக மருந்து எடுத்தால் 5 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
* ஹெச்.ஐ.வி வேறு, எய்ட்ஸ் வேறு. ஹெச்.ஐ.வி என்பது வைரஸ். சிகிச்சை எடுக்காமல் விட்டு, நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் தளர்ந்துபோகும் கடைசிக் கட்டம்தான் எய்ட்ஸ். ஒழுங்காக மாத்திரை எடுக்கும் ஒருவர் அந்தக் கட்டத்துக்கே போகாமல் முழு ஆயுளும் வாழ முடியும்.

இப்போது பலருக்கும் தெரியாத, ஆனால் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் ரத்தத்தில் வைரஸின் அளவு குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு வந்துவிடும். அந்த நிலையிலேயே தொடர்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் அவருடைய துணைக்குத் தொற்று பரவாது. 'கண்டறிய முடியாவிட்டால், பரவாது' என்று உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். இது சும்மா ஆறுதல் வார்த்தை இல்லை. ஒருவருக்குத் தொற்று இருந்து இன்னொருவருக்கு இல்லாத தம்பதிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இந்த நிலையில் இருந்த துணையிடமிருந்து பரவியது ஒன்றுகூட இல்லை. ஆனாலும், மாத்திரை எடுப்பவர் ரத்ததானம் மட்டும் செய்யக் கூடாது. அது தனி விஷயம்.

மாத்திரையும் முன்பு மாதிரி கை நிறைய இல்லை. பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒன்று. 2017-லிருந்து, தொற்று உறுதியானால் போதும், உடம்பு தளரும் வரை காத்திருக்காமல் உடனே இலவச சிகிச்சை என்பதுதான் இந்திய அரசின் கொள்கை. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அப்பா, பி.பி-க்கு மாத்திரை போடும் அம்மா மாதிரி இதுவும் தினமும் மாத்திரை போட்டு வாழக்கூடிய ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், சர்க்கரை மாத்திரையை யாரும் ஒளித்து வைப்பதில்லை.

சட்டம் உங்க பக்கம்!

சாத்தூர் சம்பவத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்னால், 2018 செப்டம்பர் 10-ம் தேதி, ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஹெச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. அது என்ன சொல்கிறது?

* வேலை: ஹெச்.ஐ.வி இருப்பதைக் காரணம் காட்டி வேலை தராமல் இருப்பது, வேலையை விட்டு அனுப்புவது, வேலையில் பாகுபாடு காட்டுவது கூடாது. வேலை கொடுப்பதற்கு முன்நிபந்தனையாக ஹெச்.ஐ.வி டெஸ்ட் கேட்கவும் கூடாது.
* படிப்பு: பள்ளி, கல்லூரியில் சேர்க்க மறுக்கக் கூடாது. தனியாக உட்கார வைக்கக் கூடாது.
* வைத்தியம்: ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது.
* வீடு: வாடகைக்கு வீடு தர மறுப்பது, காலி பண்ணச் சொல்வது இரண்டும் பாகுபாடுதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களையும் பெண்களையும் குடும்பத்தோடு வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றவும் முடியாது.
* டெஸ்ட்: விஷயத்தைப் புரியவைத்து, ஒப்புதல் வாங்கித்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆலோசனை தர வேண்டும்.
* ரகசியம்: தனக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்லும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் அனுமதிக்கும் ஒருசில சூழல்கள் தவிர, இன்னொருவருடைய நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. வழக்கு விவரங்களைக் கசியவிட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.
* வெறுப்புப் பேச்சு: ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறவர்கள் மீது வெறுப்பைத் தூண்டும்படி எழுதினால், பேசினால், பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு மனசைத் தொடும். பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோர் நோயில் விழுந்த குடும்பங்களில் மூத்த பிள்ளையே தம்பி தங்கைகளுக்கு அப்பா அம்மாவாக இருப்பதைப் பார்த்திருப்போம். 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கும் அப்படிப்பட்ட பிள்ளை, பக்குவம் உள்ளவர் என்றால், தம்பி தங்கையைப் பள்ளியில் சேர்க்க, பேங்க் கணக்கை இயக்க, சிகிச்சைக்குக் கூட்டிப்போக, பாதுகாவலராகக் கையெழுத்துப் போடலாம். அந்தப் பிள்ளைகள் சுமக்கும் பாரத்தைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

பாகுபாடு நடந்தால் எங்கே போவது? 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் மருத்துவமனையிலும் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மேலே, மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். வக்கீல் வைக்கக் காசு இல்லையா? 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம். நீதிமன்றத்துக்குப் போனாலும் பெயரை மறைத்து வழக்கு நடத்தச் சட்டத்தில் வழி உண்டு.

நீங்க என்ன செய்யலாம்?

பேனர் பிடித்து ஊர்வலம் போனால்தான் போராட்டம் என்றில்லை. டிசம்பர் 1-ல் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு செல்ஃபி எடுப்பதோடும் முடிந்துவிடாது. மற்ற 364 நாளும் செய்ய ஏழு விஷயங்கள் இருக்கின்றன.

1. வாயைக் கவனியுங்க. 'எய்ட்ஸ் கேஸ்', 'எய்ட்ஸ் நோயாளி' என்பதை விட்டுவிடுங்கள். 'ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறவர்' போதும். யாராவது மெலிந்துபோனால் 'என்ன மச்சி, அதுவா?' என்று கலாய்ப்பதைக் கேட்டு சிரிக்காமல் இருங்கள். அந்தக் கும்பலில் ஒருவர் உண்மையிலேயே பாசிட்டிவாக இருக்கலாம். நாட்டில் 25 லட்சம் பேர் ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள். உங்கள் ஜோக்கைக் கேட்டபிறகு, அவர் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார்.

2. 'எப்படி வந்துச்சு?' என்று கேட்காதீங்க. ஒருவர் தொற்று பற்றிச் சொன்னதும் நமக்கு வரும் முதல் கேள்வி அதுதான். 'நல்லவருக்கு வந்ததா, கெட்டவருக்கு வந்ததா' என்று தரம் பிரிக்கும் கேள்வி அது. ரத்தம் ஏற்றி வந்தவருக்குப் பரிதாபம், உடலுறவில் வந்தவருக்கு ஏச்சு என்று பங்கு பிரித்தால், அதுவும் பாகுபாடுதான். வைரஸ் யாரிடமும் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை.

3. ஃபார்வர்டு பண்ணாதீங்க. 'இந்த ஆளுக்கு இருக்காம், ஜாக்கிரதை' என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறதா? உங்களோடு நிறுத்துங்கள். அனுப்பியவரிடம் 'இது சட்டப்படி தப்பு, டெலீட் பண்ணு' என்று சொல்லுங்கள். சின்ன ஊரில் ஒரு ஃபார்வர்டு ஒரு குடும்பத்தையே ஊரை விட்டு அனுப்பிவிடும்.

4. யாராவது உங்களிடம் சொன்னால்... அது அவர் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை. 'சொன்னதுக்கு தேங்க்ஸ். மாத்திரை எடுக்கறியா? நான் கூட வரவா?' இந்த மூன்று வரி போதும். உங்கள் பெஸ்ட் ஃபிரெண்டிடம்கூட, அவர் சம்மதமில்லாமல் சொல்லாதீர்கள். அப்புறம் எப்போதும் போல அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுங்கள். ஆயிரம் வார்த்தைக்குச் சமம் அது.

5. நீங்களே டெஸ்ட் எடுங்க. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஹெச்.ஐ.வி டெஸ்ட்டும் ஆலோசனையும் இலவசம், ரகசியம். 'அங்கே போறவன் தப்பானவன்' என்ற நினைப்பை உடைக்க ஒரே வழி, எல்லோரும் அங்கே போவதுதான். கல்யாணம் நிச்சயமானால் மண்டபம் பார்ப்பது போல இரண்டு பேரும் இதையும் விரும்பி, பேசி, செய்துகொள்ளலாம். கட்டாயப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

6. டெஸ்ட்டுக்காக ரத்ததானம் செய்யாதீங்க. இது ரொம்ப முக்கியம். தொற்று உடம்புக்குள் வந்து முதல் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம். ரத்தம் கொடுக்கும்முன் ஒரு படிவம் தருவார்கள். அவசர அவசரமாக 'இல்லை, இல்லை' என்று டிக் அடிக்காமல் உண்மையாக நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால், 'இன்னிக்கு வேண்டாம்' என்று எழுந்து வந்துவிடலாம். நண்பர்களோடு கூட்டமாகப் போயிருக்கும்போது ஒருவர் ரத்தம் கொடுக்காமல் திரும்பினால், ஏன் என்று துருவாதீர்கள். அவர் பொறுப்பாக நடந்துகொண்டிருக்கலாம்.

7. கல்லூரியில் சங்கத்தை உயிர்ப்பியுங்க. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'செஞ்சுருள் சங்கம்' என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு ஓவியப் போட்டி, ஒரு ஊர்வலம் என்று முடிந்துவிடுகிற சங்கங்கள் நிறைய. 'இந்தத் தடவை ஓவியம் வேண்டாம் சார், சட்டத்தைப் பத்திப் பேச வக்கீலைக் கூப்பிடலாம், நம்பிக்கை மைய ஆலோசகரைக் கூப்பிடலாம்' என்று கேளுங்கள். ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிற ஒருவர் தானாக விரும்பி வந்து பேசினால், அந்த ஒரு மணி நேரம் நூறு போஸ்டருக்குச் சமம். தெரிந்ததை ஹாஸ்டலோடு விடாமல், லீவுக்குப் போகும்போது ஊருக்கும் கொண்டு போங்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்காவுக்கும், லாரி ஓட்டும் மாமாவுக்கும் நீங்கள் சொன்னால் புரியும். மேடைப் பேச்சாளர் சொன்னால் கேட்காதவர்கள், வீட்டுப் பிள்ளை சொன்னால் கேட்பார்கள்.

அவசரத்துக்கு இந்த எண்கள்

ஹெச்.ஐ.வி பற்றி எந்தச் சந்தேகமானாலும் 1097. நாடு முழுக்க இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை. தொற்று ஏற்பட்டிருக்குமோ என்று பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தடுப்பு மருந்தை 28 நாள் எடுத்தால் தொற்றைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம். மனசு தாங்க முடியாத அளவுக்குக் கனக்கிறதா? 104 அல்லது 14416 எண்ணில் பேசுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

கடைசியாக...

சாத்தூர் சம்பவத்துக்குப் பிறகு ரத்த வங்கிகளில் விசாரணை நடந்தது. ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதெல்லாம் தேவையானதுதான். ஆனால், எவ்வளவு மெஷின் வைத்தாலும், எவ்வளவு விதிமுறை போட்டாலும், கடைசியில் ஒரு மனிதர் முன்வந்து 'எனக்கு இருக்கிறது' என்று சொல்லும் அந்த நிமிடம்தான் இன்னொரு உயிரைக் காப்பாற்றுகிறது. அந்த 19 வயது இளைஞர் அதைச் செய்தார்.

இப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒருவருக்கு வரலாம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில்கூட வரலாம். அவர் யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசிக்கும்போது, உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் வர வேண்டும். 'இவங்ககிட்ட சொன்னா தப்பா நினைக்க மாட்டாங்க' என்று தோன்ற வேண்டும். அப்படி ஒரு ஆளாக இருப்பதற்கு டாக்டர் பட்டமோ, பதவியோ வேண்டாம். இன்று சாயங்காலம் டீக்கடையில் அந்த ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.